சுழிக் கிணற்றின் கதை

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார்கள். "சார், வரலாற்றுக் கட்டுரையா இருந்தா நல்லாயிருக்கும்" என்றார்கள். சென்ற மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். கல்வெட்டுகள், சங்ககாலத் துறைமுகங்கள், கங்கர் காலத்துக் கோயில்கள் என்று அறிஞர் பெருமக்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். நானோ முப்பத்தைந்து ஆண்டு காலம் பாதாளச் சாக்கடைக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவன். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "சாருக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டு, நான் பதில் சொன்னால், அதற்குப் பிறகு ரசம் வரும்வரை பேச்சே இருக்காது. "சாக்கடைக்கெல்லாம் வரலாறு உண்டா?" என்று என் மனைவியே கேட்டாள். உண்டு. அதில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன். உயரத்திலிருந்து ஆழத்துக்குத் தண்ணீரை எப்படி இறக்குவது என்பதுதான் அந்தப் பகுதி. கேட்பதற்கு இதிலென்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீட்டில். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். இந்த மலரைப் படிக்கும் பல குடும்பங்களுக்கு இதே கதைதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறும். அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள்ளே வேலை. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. 2001-இல் மூடிவிட்டார்கள். அப்பா அதிகம் பேசமாட்டார். சங்கு ஊதி, ஷிப்டு முடிந்து, குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எப்போதாவது இரண்டு வார்த்தை வரும். அப்படி வந்ததில் ஒன்று எனக்கு மறக்கவில்லை. "தண்ணியைப் பம்பு வெச்சு இறைச்சிடலாம்டா. காத்து நின்னுதுன்னா மனுசன் நின்னான்." நான் எஞ்சினியரிங் படிக்கப் போனபோது இது ஏதோ சுரங்கத்துக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைத்திருந்தேன்.

நாம் வாழும் பெங்களூரு மாநகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. பெரிய ஆறு கிடையாது. பெய்கிற மழையும் நாம் கழிக்கிற நீரும் விருஷபாவதி, கோரமங்களா–செல்லகட்டா, ஹெப்பாள் என்ற பள்ளத்தாக்குகள் வழியாகச் சரிந்து ஓடுகின்றன. இப்படிப்பட்ட நிலத்தில் சாக்கடைக் குழாய் ஒரே சீரான சரிவில் போகமுடியாது. தெருவோரக் குழாய் மேலே வரும், அது சேரவேண்டிய பெரிய குழாய் பல அடி கீழே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மேன்ஹோலில் தண்ணீர் விழவேண்டும். இதை டிராப் மேன்ஹோல் என்போம். நம் நாட்டுக் கையேட்டில் மட்ட வித்தியாசம் 600 மில்லிமீட்டருக்கு மேல் போனால் டிராப் வை என்று இருக்கும். நாங்களும் வைப்போம். மேலிருந்து ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

1980-களின் கடைசியில், கர்நாடகத்தில் ஒரு சிறிய ஊருக்கு நான் வேலை பார்த்த நிறுவனம் சாக்கடைத் திட்டம் போட்டது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஓரிடத்தில் 9 மீட்டர் இறக்கம் வந்தது. வரைந்தவன் நான். வழக்கம்போல ஒரு நேர்குழாய். நான்காம் ஆண்டு, அடியில் தளம் அரித்துவிட்டது, குழாய் வாயில் அடைப்பு என்று தகவல் வந்தது. பார்க்கப் போயிருந்தேன். துப்புரவுப் பணியாளர் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். பாதி ஏணியில் அவர் தலை சாய்ந்தது. மேலே நின்ற இருவர் கயிற்றை இழுத்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்துக்கொண்டார். அவரை நான் போய்ப் பார்த்தபோது கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கீழே ஏன் அவ்வளவு சத்தம் என்று. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான் இந்த வரலாறு.

முதலில் கணக்கு. 10 மீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழும் தண்ணீர் தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 50 மீட்டர் என்றால் மணிக்கு 113 கிலோமீட்டர். அந்த வேகம் முழுவதும் எங்கேயாவது செலவாகியே தீரவேண்டும். தளத்தைக் குடையும், சுவரை அதிரவைக்கும், மிச்சம் சத்தமாகக் கிளம்பும். அந்தப் பணியாளர் கேட்ட சத்தம், என் காங்கிரீட் தேய்கிற சத்தம்.

அது பாதிதான். விழுகிற தண்ணீர் சும்மா விழாது, போகிற வழியில் காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். குடத்தில் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினால் நுரை கிளம்புகிறதே, அதுதான். குறுகலான குழாயில் இந்தக் காற்றுக்கு வெளியே வர வழியில்லை. கீழே சுரங்கக் குழாயில் போய் அமுங்கிக் கிடக்கும். ஒரு கட்டத்தில் பொறுக்கமாட்டாமல் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு மேலே பீறிடும். பெருமழையில் சில நகரங்களில் மேன்ஹோல் மூடி எகிறித் தண்ணீர் ஊற்றுப்போலக் கிளம்புவதற்கு இந்த அடைபட்ட காற்று ஒரு முக்கியக் காரணம்.

கழிவுநீராக இருந்தால் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொள்கிறது. தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு கரைந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த வாயு. சோடா புட்டியைக் குலுக்கினால் நடப்பதுபோல, தண்ணீர் கலங்கிச் சிதறும் இடத்தில் அது மொத்தமாக வெளியே வரும். ஈரச்சுவரில் வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்கிக் காங்கிரீட்டைத் தின்ன வைக்கும். மனிதனுக்கு அதைவிட மோசம். அளவு கூடினால் மூக்கு மரத்துப் போய்விடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு படி இறங்குவார்கள். ஆக, என் நேர்குழாய் செய்த வேலை என்னவென்றால், ஊர்க் கழிவு முழுவதையும் ஒரு குழிக்குள் குலுக்கி, வாயுவைப் பிரித்து, ஒரு மனிதர் இறங்கும் இடத்தில் சேர்த்து வைத்தது.

இதற்கு ஒரு மாற்று உண்டென்றும், அது நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டதென்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீரை நேரே விழவிடாதே, சுழற்றி விடு என்பதுதான் மாற்று. வோர்டெக்ஸ் டிராப் ஷாஃப்ட் என்று எங்கள் தொழிலில் சொல்வதை இங்கே சுழிக் கிணறு என்று எழுதுகிறேன்.

நம் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் வடியும்போது நடுவில் ஒரு சுழி விழுகிறது. பூமியின் வடபாதியில் அது ஒரு பக்கமும் தென்பாதியில் மறுபக்கமும் சுற்றும் என்று பலர் நம்புகிறார்கள். என் பேரனுக்குப் பள்ளியிலேயே யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சமையலறைத் தொட்டிக்கு இது பொருந்தாது. 1962-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் ஆஷர் ஷபீரோ ஏறக்குறைய 6 அடி அகலத் தொட்டியில் நீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டு, பிறகு மெதுவாகத் திறந்துதான் பூமி சுழல்வதன் விளைவைக் காட்ட முடிந்தது. நம் வீட்டுத் தொட்டியில் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது, தட்டை எந்தப் பக்கம் கழுவினோம் என்பதே சுழியின் திசையை முடிவு செய்துவிடும். இது பொறியாளனுக்கு நல்ல செய்தி. வாசலின் வடிவத்தை நாம் அமைத்துக்கொடுத்தால், தண்ணீர் நாம் சொன்ன பக்கம் சுழலும்.

இதை முறையாகச் செய்துகாட்டி எழுதியவர்களில் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் டிரியோலி என்ற இத்தாலிய நீரியலாளர். 1947-இல், இத்தாலியின் மின்சாரத்துறை ஆய்விதழ் ஒன்றில் அவருடைய கட்டுரை வந்தது. சாக்கடை அப்போது யார் மனதிலும் இல்லை. மலை நாட்டில் நீர்மின் நிலையங்கள் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு உபரி நீரைச் செங்குத்துக் கிணறுகள் வழியே பள்ளத்துக்கு இறக்கவேண்டிய தேவை இருந்தது. நத்தைக்கூட்டைப்போல வளைந்து வளைந்து குறுகும் ஒரு வாசலைக் கிணற்றின் தலையில் வைத்து, அதன் வழியே நீரை நுழைக்கவேண்டும் என்பது யோசனை.

அப்படி நுழையும் நீர் கிணற்றின் நடுவில் விழாது. சுற்றிக்கொண்டே வருவதால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ராட்டினத்தில் உட்கார்ந்தால் நம்மை வெளிப்பக்கம் தள்ளுகிறதே, அந்த விசைதான். தண்ணீர் ஒரு மெல்லிய உறையாகச் சுவரைத் தடவியபடி சுழன்று சுழன்று இறங்கும், கிணற்றின் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். கீழே பறித்துக்கொண்டு போகப்படும் காற்றும், கீழிருந்து திரும்பி வருகிற காற்றும் அந்த வெறுமையில்தான் நடமாடும். தண்ணீரின் வேகத்தைச் சுவரின் உராய்வே வழியெல்லாம் தின்றுவிடும். கிணறு போதிய ஆழமாக இருந்தால் ஒரு கட்டத்துக்குமேல் வேகம் கூடவே கூடாது, கீழே இழுக்கும் எடையும் பிடித்து நிறுத்தும் உராய்வும் சமமாகிவிடும். தரைக்கு வந்து சேரும்போது ஆற்றலில் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

கிணறு எவ்வளவு அகலம் வேண்டும்? இதற்குப் பின்னாளில் வந்த சூத்திரம் மிகச் சின்னது. வினாடிக்கு 10 கன மீட்டர், அதாவது ஒவ்வொரு வினாடிக்கும் 10,000 லிட்டர், ஒரு பெரிய டேங்கர் லாரி கொள்ளும் தண்ணீர் இறங்கவேண்டுமானால், கிணற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் விட்டம் போதும். முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எங்கேயோ புள்ளியைத் தவறாக வைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். இன்னொரு விதியும் உண்டு. கிணற்றின் மிகக் குறுகிய இடத்தில், வெட்டுப்பரப்பில் கால் பங்காவது காற்றுக்கு இருக்கவேண்டும். அதற்குக் கீழே போனால் சுழி மூச்சு முட்டிக் கலைந்துவிடும். தண்ணீருக்குக் கிணறு வெட்டுகிறோம், ஆனால் கணக்கு தொடங்குவது காற்றிலிருந்து. அப்பா திண்ணையில் சொன்னதை இந்த விதியைப் படித்தபோதுதான் சரியாகக் கேட்டேன்.

மின் நிலையத்து யோசனை சாக்கடைக்கு இறங்கி வந்தது 1950-களில். நேப்பிள்ஸ் நகரத்து விபாரெல்லி, செங்குத்துக் கிணற்றில் நீரும் காற்றும் சேர்ந்து இறங்குவதை ஆராய்ந்து எழுதினார். அதே காலத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில், ஆற்றங்கரையோரமாக ஆழத்தில் சாக்கடைச் சுரங்கங்கள் போடத் திட்டம் வந்தது. மேலே இருக்கும் தெருச் சாக்கடைகளை அவற்றுக்குள் இறக்கவேண்டும். கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் லாஷி, மேவிஸ் என்ற இருவர் மாதிரிகள் செய்து பார்த்தார்கள். 1952 வாக்கில் வந்த அவர்களுடைய அறிக்கையின் தலைப்பே செங்குத்துக் கிணறுகளில் இறங்கும் நீர் இழுத்துச் செல்லும் காற்றைப் பற்றியதுதான். காற்று எவ்வளவு போகிறது என்று அளந்து பார்க்காமல் கிணறு கட்டமுடியாது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. மேற்கு ஐரோப்பாவிலும் இதே பாதையில் போனார்கள். ஸுரிக் நகரத்து ஆய்வுக்கூடத்தில் சாக்கடைக்கான சுழிக் கிணறுகளைப் பற்றித் தனி நூலே 1988-இல் வந்தது.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமுடியாது. சிகாகோ நகரம் 1970-களில் மழைநீரும் கழிவுநீரும் கலந்த வெள்ளத்தைத் தேக்க 170 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஆழ்சுரங்கங்களைத் தொடங்கியது. 2006-இல்தான் சுரங்க வேலை முடிந்தது. அங்கே பெரும்பாலும் நேராக விழும் கிணறுகளைத்தான் வைத்தார்கள். ஆனால் கிணற்றுக்குள்ளேயே ஒரு தடுப்புச்சுவர் எழுப்பி, காற்று திரும்பி வருவதற்குத் தனிப் பாதை அமைத்தார்கள். அதுவும் வேலை செய்கிறது. ஆகவே சுழிதான் ஒரே வழி என்று நான் வாதாட மாட்டேன். எந்த வழியானாலும் காற்றை மறந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

என்னை ஈர்த்தது சிகாகோவுக்குப் பக்கத்திலுள்ள மில்வாக்கி. அங்கும் ஏறக்குறைய 90 மீட்டர் ஆழத்தில், 31 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கான கிணறுகளை அயோவா பல்கலைக்கழக நீரியல் ஆய்வுக்கூடத்தில் சுபாஷ் ஜெயின், ஜான் கென்னடி என்ற இரு பேராசிரியர்கள் ஆராய்ந்து 1983-இல் அறிக்கை கொடுத்தார்கள். இந்தக் கென்னடி வேறு, அந்தக் கென்னடி வேறு. ஜெயின் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், மறைப்பானேன்?

அவர்கள் செய்ததைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நத்தைக்கூட்டு வாசல் அழகாக வேலை செய்யும், ஆனால் இடத்தைத் தின்னும். கட்டடங்களும் குழாய்களும் நெருங்கிக் கிடக்கிற நகரத்தில், பாறையைக் குடைந்து அவ்வளவு பெரிய வளைவை யார் கட்டுவது? அதற்குப் பதிலாக, வரும் கால்வாயைப் படிப்படியாகக் குறுக்கி, சரிவாக்கி, கிணற்றின் வட்டத்தை ஓரமாகத் தொட்டபடி ஒரு நெடுக்குப் பிளவாக உள்ளே விட்டால் போதும் என்று மாதிரியில் காட்டினார்கள். தொடுகோட்டு வாசல் என்று சொல்லலாம். வளைவே இல்லாமல் சுழி கிடைத்தது. தோண்டும் செலவு குறைந்தது. கிணற்றின் அடியில் ஒரு நீண்ட அறை. தண்ணீரோடு வந்த காற்றுக்குமிழிகள் அங்கே பிரிந்து மேலேறும், தனிக் குழாய் வழியாக வெளியே போகும். அதன்பிறகு வெறும் தண்ணீர்தான் சுரங்கத்துக்குள் போகும்.

வேடிக்கை என்னவென்றால், சுழி எங்கள் தொழிலில் பொதுவாக வில்லன். பம்பு வைத்த கிணற்றில் சுழி விழுந்தால் காற்று உள்ளே போய்ப் பம்பு கெட்டுவிடும், மின் நிலையத்து நீர்வாயிலிலும் அதே தொல்லை. 1987-இல் சர்வதேச நீரியல் ஆராய்ச்சிச் சங்கத்தின் கையேடு ஒன்று கினாஸ் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. நீர்வாயில்களில் சுழிகளால் வரும் சிக்கல்கள்தான் அதன் பொருள். சுழியை எப்படி ஒழிப்பது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே போகும் அந்தப் புத்தகத்தில், சுழியை எப்படி உண்டாக்குவது என்று ஒரு அத்தியாயத்தை ஜெயினும் எட்டெமாவும் எழுதியிருக்கிறார்கள். திருடனைப் பிடிக்கும் புத்தகத்தில் திருடனுக்கு வேலை போட்டுக் கொடுத்ததுபோல!

நம் மலர்களில் இந்த இடத்துக்கு வந்தால், நம் முன்னோர் இதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செய்தார்கள் என்று ஒரு பத்தி வரவேண்டும். ஏரிகளில் நம்மவர்கள் கட்டிய குமிழித்தூம்பு அருமையான சாதனம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது ஏரி நீரை அளந்து வெளியே விடுவதற்கான வேறொரு சாதனம். அதைக் கொண்டுவந்து இதோடு ஒட்டவைப்பது அதற்கும் மரியாதை இல்லை, இதற்கும் மரியாதை இல்லை.

இனி என் ஊர்க் குழிக்கு வருகிறேன். அயோவா அறிக்கையின் நகல் ஒன்று நண்பர் மூலம் கைக்குக் கிடைத்தது. எங்கள் மேலதிகாரியிடம் போய், பழைய மேன்ஹோலை இடித்துச் சுழிவாசல் வைக்கலாம் என்றேன். "கோட்ல இருக்காய்யா?" என்றார். இல்லை. "அப்புறம்?" என்றார். அவர் சொன்ன இன்னொரு ஆட்சேபம் நியாயமானது, அதை இங்கே பதிவு செய்யவேண்டும். தொடுகோட்டு வாசலின் பிளவு குறுகலானது. நம் ஊர்ச் சாக்கடையில் துணி வரும், தேங்காய் மட்டை வரும், பிளாஸ்டிக் பையைக் கேட்கவே வேண்டாம். பிளவில் ஒன்று மாட்டினால் எல்லாம் நின்றுவிடும். வெளிநாட்டு அறிக்கையில் தேங்காய் மட்டைக்குக் கணக்கு இருக்காது.

இரண்டு ஆண்டு இழுத்தடித்து, அந்தக் குழி இன்னும் ஒருமுறை அரித்த பிறகு, கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். மேல்பக்கம் கம்பித் தடுப்பு வைத்து, ஆள் இறங்காமலே மேலிருந்து வாரி எடுக்க ஏற்பாடு செய்தோம். பிளவைக் கணக்குக்கு வேண்டியதைவிட அகலமாக்கினேன், அதனால் சுழி சற்று பலவீனமானாலும் பரவாயில்லை என்று. உச்ச நேரத்தில் வினாடிக்கு 200 லிட்டர். அதற்கு 450 மில்லிமீட்டர் வார்ப்பிரும்புக் குழாய், அடியில் ஒரு சிறு அறை, அறையிலிருந்து காற்று வெளியேற ஒரு குழாய். கொத்தனார்களுக்கு அந்த வாசல் புரியவில்லை. "நேரா போற தண்ணியை எதுக்கு சார் ஓரமா விடறீங்க?" என்று கேட்டார்கள். பிளாஸ்டிக் வாளியில் ஓட்டை போட்டு, குழாய்த் தண்ணீரை ஓரமாக அடித்துக் காட்டினேன். ஒரு கொத்தனார் அதற்குள் விரலை விட்டுப் பார்த்து, "நடுவுல ஒண்ணுமே இல்ல!" என்றார். அதற்குப் பிறகு அவர்களே கச்சிதமாகக் கட்டிவிட்டார்கள்.

தண்ணீர் திறந்துவிட்ட மறுவாரம், பழைய பணியாளரையும் அழைத்திருந்தேன். மூடியைத் திறந்து வைத்துச் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் குறைந்துவிட்டது, நாற்றம் அப்படியே இருக்கிறது என்றார். அப்படியே இல்லை, கருவி வைத்து அளந்ததில் குறைந்திருந்தது. ஆனால் குழிக்கு மேலே குனிந்து நின்றவர் அவர், எண்ணைக் குறித்துக்கொண்டவன் நான். அதனால் நான் வாதம் செய்யவில்லை.

நம் நாட்டில் இதே தத்துவம் மிகப் பெரிய அளவில் கையாளப்பட்டது சாக்கடையில் அல்ல, இமயமலையில். பாகீரதி ஆற்றின் குறுக்கே 260.5 மீட்டர் உயரத்துக்கு எழுந்த டெஹ்ரி அணையில், வெள்ளத்தை வெளியேற்ற ஒரு சரிவுக் கால்வாயோடு நான்கு கிணற்று மதகுகளும் உண்டு. அணை கட்டும்போது ஆற்றைத் திருப்பிவிடத் தோண்டிய சுரங்கங்களையே பிறகு இந்தக் கிணறுகளின் வால்பகுதியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 200 மீட்டருக்கு மேல் நேராக விழும் நீரின் வேகம் மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டும். அதை அப்படியே சுரங்கத்துக்குள் விட்டால் எந்தக் காங்கிரீட்டும் நிற்காது. 1986-க்குப் பிறகு இத்திட்டத்தில் கைகொடுத்த சோவியத் வல்லுநர்களின் யோசனைப்படி, கிணற்றை மையத்தில் இணைக்காமல் ஓரமாக இணைத்து, படுத்திருக்கும் சுரங்கத்துக்குள்ளேயே நீர் திருகிக்கொண்டு போகும்படி அமைத்தார்கள். சாக்கடைக் கிணற்றில் சுழி நின்றபடி இறங்குகிறது. டெஹ்ரியில் சுழி படுத்தபடி ஓடுகிறது.

இந்தப் பெருமையை எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமல் விடமுடியவில்லை. 2004 ஆகஸ்டு 2 அன்று, டி-3 என்ற சுரங்கத்தோடு சேர்ந்த கிணற்றுப் பகுதியில் சரிவு ஏற்பட்டு 29 தொழிலாளர்கள் மண்ணுக்குள் போனார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கடைசித் திருப்புச்சுரங்கத்தை அடைத்து அணையில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். பழைய டெஹ்ரி நகரம் மூழ்கியது. 2006-இல் மின்சாரம் வந்தது. தங்கவயல் லைன் வீடுகளில் பிறந்தவர்களுக்கு அந்த 29 என்ற எண்ணைப் பத்திரிகையில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவது எளிதாக இருந்திருக்காது. சங்கு நேரம் தவறி ஊதினால் தெருவே சுரங்கத்து வாசலுக்கு ஓடிய ஊர் எங்களுடையது.

பிற நாடுகளில் 2000-க்குப் பிறகு இந்தக் கிணறுகள் வேகமாகப் பெருகின. நம்மவர் பலர் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் சிங்கப்பூரில், 2008-இல் முடிந்த முதல்கட்ட ஆழ்சுரங்கச் சாக்கடை கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர். அதற்குள் நீரை இறக்குவது சுழிக் கிணறுகள்தான். விமான நிலையத்தில் இறங்கும்போது அந்தச் சாக்கடையும் அதே சாங்கியில்தான் வந்து முடிகிறது என்று யாரும் நினைப்பதில்லை. ஹாங்காங் தீவில் மலைச்சரிவில் பெய்யும் மழை நேரே கடைத்தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. மலையின் இடுப்பிலேயே அதை மறித்து, 34 வாசல்களில் சுழற்றி இறக்கி, 11 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகக் கடலுக்கு அனுப்பும் திட்டம் 2012-இல் முடிந்தது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஜோசப் லீயும் மாணவர்களும் ஜெயினின் தொடுகோட்டு வாசலை எடுத்து மீண்டும் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். எந்த அளவுகளில் சுழி நிலையாக நிற்கும், எப்போது தடுமாறும் என்று தெளிவுபடுத்தியது அவர்கள் வேலை. லண்டனில் தேம்ஸ் நதிக்கடியில் 25 கிலோமீட்டர் சுரங்கம் 2025 பிப்ரவரியில் முழுமையாக இணைக்கப்பட்டது. அங்கும் இதே சுழிதான். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது கரையில் ஒரு கிணற்றுத்தலைக்கு மேல் போய் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. மழையில்லாத நாள், அன்று அதில் தண்ணீரே இறங்கியிருக்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். மருமகள் என்ன நினைத்தாளோ!

நம் ஊரில் என்ன நிலை? மனிதக் கழிவை மனிதரே கையால் அகற்றுவதற்கு எதிராக 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. 2014-இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்றது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறங்குவதும் இறப்பதும் அப்படியும் நின்றபாடில்லை. சட்டம் மூடிக்கு மேலே நிற்கிறது. மூடிக்குக் கீழே எவ்வளவு வாயு சேரும் என்பதை முடிவு செய்கிற வரைபடம், அதற்குப் பல ஆண்டு முன்பே ஏதோ ஓர் அறையில் என்னைப்போன்ற ஒருவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. நான் போட்ட நேர்குழாய்களில் ஒன்றைத்தான் மாற்றினேன். மற்றவை எத்தனை என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை இங்கே எழுத மனம் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் இளம் பொறியாளர்கள் சிலர் அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஒரு தம்பி, ஏதோ ஒரு நகரத்துக்கு 18 மீட்டர் இறக்கம் வருகிறதாம், சுழிக் கிணறு போடலாம் என்று இருக்கிறோம், விட்டத்தைச் சரிபார்த்துச் சொல்லுங்கள் சார் என்றார். கணினியில் எல்லாம் போட்டு முடித்துவிட்டார். எண்கள் சரியாகத்தான் இருந்தன. "காத்துக்கு எவ்வளவு விட்டிருக்கீங்க தம்பி? கீழே அறையிலேருந்து அது எந்த வழியா வெளியே வருது?" என்று கேட்டேன். வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார்.